பிளக் பொருந்துது, மைக் பேசல: எஃப்டி-818க்கு மாற்று மைக் தேடி அலைந்த அனுபவம்

யேசு கம்பெனியின் எஃப்டி-818, 817 ஹாம் ரேடியோ செட் வைத்திருப்பவர்கள், அதிலும் கடலோரத்தில் இருப்பவர்கள், கைமைக் கெட்டுப்போகும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். நான் பட்ட அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம். விற்றவர் பேசிய பேச்சை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் இருப்பது மண்டபம் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். செட்டைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத்தான் வைத்திருந்தேன். அப்படியும் மைக்கின் சுருள் ஒயர் போய்விட்டது. பிடிடியை, அதாவது பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை, அழுத்தினால் ஒரு தடவை டிரான்ஸ்மிட் ஆகும், அடுத்த தடவை ஆகாது. பிளக் பக்கம் ஒயரின் மேலுறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பே இல்லை. பச்சையாக ஏதோ பொடி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. பிளக்கின் எட்டு முள்ளில் இரண்டு கறுத்துக் கிடந்தன.

இந்தச் செட்டோடு வரும் எம்ஹெச்-31 மைக்கையே திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தேடினேன். எஃப்டி-818 தயாரிப்பே நின்றுவிட்டது. எங்கே கேட்டாலும் "ஸ்டாக் இல்ல சார்". கார்த்திகைக்குள் செட் தயாராக வேண்டும் என்பது என் கவலை. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை ஒட்டி வந்து மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. 1964ல் தனுஷ்கோடி எப்படித் துண்டிக்கப்பட்டது என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்த நேரத்தில் பேசாத செட் வீட்டில் இருந்து என்ன பயன்?

ஆன்லைனில் ஒருவர் விற்றார். பெயர் வேண்டாம். "817, 818 உட்பட எல்லா எட்டு முள் செட்டுக்கும் பொருந்தும்" என்று தெளிவாகப் போட்டிருந்தார். பணம் கட்டினேன், பார்சல் வந்தது. பிளக் 'டிக்' என்று உள்ளே உட்கார்ந்தது. பிடிடியை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, ஒன்றும் ஆகவில்லை. போன் போட்டேன். "பிளக் உள்ள போகுதுல்ல சார்? அப்ப மைக் சரிதான். உங்க செட்டுதான் ஃபால்ட்" என்றார். திருப்பி எடுக்கச் சொன்னால், கவர் பிரித்த பொருளை எடுக்க மாட்டாராம். பிரிக்காமல் மைக்கை எப்படிச் சோதிப்பது?

இந்தக் குழப்பம் வருவதே பிளக்கின் வடிவத்தால்தான். இது ஆர்ஜே-45, கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் ஒயர் சொருகுவோமே, அதே பிளக். யேசு 817, 818, 857, 891 எல்லாவற்றிலும் இதுதான். ஐகாம் 706, 7000த்திலும் இதுதான். கென்வுட் மொபைல் செட் சிலவற்றிலும் இதுதான். ஆனால் உள்ளே எந்த முள்ளில் எந்தக் கம்பி என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. கையேட்டுக் கணக்குப்படி 818ல் 4 மைக் எர்த், 5 மைக், 6 பிடிடி, 7 எர்த், 3ல் 5 வோல்ட். ஐகாமில் 4 பிடிடி, 5 மைக் எர்த், 6 மைக், 7 எர்த். ஐகாம் மைக்கின் பிடிடியை அழுத்தினால் 4ம் 7ம் சேரும். 818க்கு அது இரண்டுமே எர்த். செட்டுக்கு எப்படித் தெரியும், நான் பேச வருகிறேன் என்று? எனக்கு வந்தது இந்த ஐகாம் வரிசையில் வயரிங் செய்த மைக்.

நடுவில் மதுரைக்குப் போய் வந்த ஒரு நாளும் வீண். அங்கே கடைக்காரர் யேசு மைக்தான் எடுத்துக் காட்டினார். உறையில் எம்ஹெச்-48ஏ6ஜே என்று இருந்தது. அந்த 6ஐப் பாருங்கள். அது ஆறு முள். 7900 மாதிரி வண்டியில் வைக்கும் செட்டுக்கானது. ஆறு முள் பிளக் எட்டு முள் சாக்கெட்டுக்குள் நுழையும், அதுதான் ஆபத்து. ஓரத்தில் இருக்கும் இரண்டு முள்ளை அதன் பிளாஸ்டிக் அழுத்தி வளைத்துவிடும். நம் செட்டுக்கு வேண்டியது பெயர் 8ஜே என்று முடிகிற மைக். போன் போட்டபோது "இருக்கு, வாங்க" என்று சொன்னதை நம்பித்தான் பஸ் ஏறினேன். கிளம்பும் முன் உறையின் போட்டோவை வாட்ஸப்பில் வாங்கிவிடுங்கள்.

கடைசியில் வழி காட்டியவர் உள்ளூர்க்காரர். மண்டபத்தில் விசைப்படகுகளின் எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பார்க்கும் கருவி), ஜிபிஎஸ், விஎச்எஃப் செட்டெல்லாம் பழுது பார்க்கும் தம்பி ஒருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் கிடந்தது. மற்ற நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது. மைக்கைக் கையில் வாங்கியவர், "அண்ணே, பிளக்கு நுழையிறதும் லைன் சேர்றதும் ஒண்ணா? போட்டுல வர்ற மைக்குலயே கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கும்ணே" என்றபடி மல்டிமீட்டரை எடுத்தார். பிடிடியை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு முள்ளாகத் தொட்டார். 4க்கும் 7க்கும் மீட்டர் கத்தியது. விற்றவர் மறுத்த விஷயம் அந்தச் சத்தத்தில் நிரூபணம் ஆகிவிட்டது.

மைக்கை அறுக்காமல் இடையில் ஒரு அடாப்டர் போடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு ஆர்ஜே-45 சாக்கெட், ஒரு சாண் ஷீல்டு ஒயர், ஒரு பிளக். மைக்கின் 4ஐ செட்டின் 6க்கும், 5ஐ 4க்கும், 6ஐ 5க்கும் மாற்றினார். 7 அப்படியே 7க்கு. மற்ற முள் எதையும் இணைக்கவில்லை. சொருகி அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் எஸ்எஸ்பியில் (குரல் அனுப்பும் ஒரு முறை) எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் செட்டின் மீட்டரில் ஒரு கோடு எழவில்லை.

காரணம் இதுதான். எம்ஹெச்-31 டைனமிக் மைக், அதற்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் 818 மைக் கம்பியில் வோல்டேஜ் கொடுப்பதில்லை. எனக்கு வந்தது கண்டென்சர் மைக், வோல்டேஜ் இல்லாமல் வாயே திறக்காது. செட்டின் 3ம் முள்ளில் வரும் 5 வோல்ட்டை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைக் கம்பிக்குக் கொடுத்து, அங்கிருந்து செட்டுக்குப் போகும் வழியில் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டோம். கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனை மைக் பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் சாக்கெட் டப்பாவுக்குள்ளேயே அடங்கிவிட்டன. மறுநாள் காலை 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் 57 (தெளிவு 5, சிக்னல் பலம் 7) கொடுத்து, "குரல் முன்னைவிட நல்லா இருக்கே, மைக் மாத்திட்டீங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மெனுவில் மைக் கெயினை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

இதைச் செய்யப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். கையேட்டில் உள்ள முள் படம் செட்டின் சாக்கெட்டைப் பார்த்து வரைந்ததா, பிளக்கைப் பார்த்து வரைந்ததா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மாற்றி எண்ணினால் எல்லாம் தலைகீழ். அடுத்து, செட்டில் சொருகும் முன் 3க்கும் 7க்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். செட்டின் 5 வோல்ட் லைனை எரித்துக்கொண்டால் மைக் செலவோடு போகாது. மைக்கில் இருக்கும் மேலே கீழே பொத்தான்கள் இந்த அடாப்டரில் வேலை செய்யாது. எனக்கு அது தேவையும் இல்லை.

ஹேண்டி, அதாவது கையடக்க செட், வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். கீழக்கரை நண்பர் ஒருவர் தன் பாவோஃபெங் செட்டுக்கு இரண்டு பின் ஸ்பீக்கர் மைக் வாங்கி மாட்டிக்கொண்டார். பாவோஃபெங் கென்வுட் முறை: 3.5 மில்லிமீட்டர் பின்னில் மைக், 2.5ல் ஸ்பீக்கர். ஐகாம் முறை அப்படியே எதிர்மாறு, பின் இடைவெளியும் வேறு. அவருக்கு வந்தது ஐகாம் முறை. அழுத்தித் திணித்தால் சாக்கெட் உடையும். கென்வுட் முறையிலேயே பின் முழுசாக உட்காரவில்லை என்றால் செட் தானாக டிரான்ஸ்மிட்டில் மாட்டிக்கொள்வதும் உண்டு. வாங்கியதும் விளக்கைப் பாருங்கள். யேசு எஃப்டி-60 என்றால் இரண்டு பின்னே கிடையாது, நான்கு தொடுபகுதி கொண்ட ஒற்றை 3.5 பின்.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். பாதி வந்தது. 818க்குப் பொருந்தும் என்று அவர் போட்டிருந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், மீட்டர் கத்துகிற வீடியோவையும் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார், மைக்கை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அனுப்பிய மறுநாளே விளம்பரத்தில் இருந்து 818ஐ எடுத்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது.

அடாப்டரின் இரண்டு முனையிலும் 'மைக்', 'செட்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பிளக் முள்ளில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவியிருக்கிறேன். மாதம் ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி தடவச் சொல்லியிருக்கிறார் தம்பி.