202 சுற்று ஓட்டிய வெண்டல் ஸ்காட்

1963 டிசம்பர் 1. ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில், அரை மைல் மண் டிராக், 200 சுற்றுக் கார்ப் பந்தயம். 34-ஆம் எண் செவ்ரோலெட்டில் வெண்டல் ஸ்காட் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார். 200 சுற்றும் முடித்துவிட்டார், ஆனால் பந்தயம் முடிந்தது என்று காட்டும் கொடி அசையவில்லை. அவரும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு சுற்று ஓட்டினார். கடைசியில் கட்டம் போட்ட கொடியைக் காட்டியது பின்னால் வந்த பக் பேக்கருக்கு, கோப்பையும் அவருக்கே. சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, சுற்றுக் கணக்கில் தப்பு நடந்துவிட்டது, ஜெயித்தது ஸ்காட்தான் என்றார்கள். பரிசுப் பணம் கிடைத்தது, கோப்பை கிடைக்கவில்லை.

ஸ்காட் கறுப்பினத்தவர். வெற்றி மேடையில் ஜெயித்தவருக்கு ஒரு வெள்ளைக்கார அழகி முத்தம் கொடுப்பது வழக்கம், அதை அந்தக் கூட்டத்தின் முன்னால் நடக்க விட மனமில்லாமல்தான் இப்படிச் செய்தார்கள் என்பது அவர் தரப்பு சொன்ன காரணம். நானும் அதைத்தான் நம்புகிறேன். அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் குறித்தார்கள், தப்பு வரும்தான், ஆனால் இரண்டு சுற்று முன்னால் இருக்கிறவரைத் தவறவிடுவது எப்படி?

ஸ்காட்டைப் பற்றி யார் பேசினாலும் இந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

அவர் வர்ஜீனியாவின் டான்வில்காரர். டாக்சி ஓட்டியிருக்கிறார், இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக்காக இருந்திருக்கிறார், அப்புறம் ஊருக்குத் திரும்பிக் கள்ளச் சாராயம் கடத்தியிருக்கிறார். 1952-ல் உள்ளூரில் பந்தயம் நடத்துகிறவர்கள், கறுப்பின டிரைவர் ஒருவர் ஓட்டினால் கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டு, வேகமாக ஓட்டுகிற ஆள் யார் என்று போலீஸிடமே போய்க் கேட்டார்கள். போலீஸ் சொன்ன பெயர் ஸ்காட். சாராயக் காரைத் துரத்தித் துரத்தி அவர்களுக்குத்தான் அந்த வேகம் நன்றாகத் தெரியுமே!

1961-ல் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தார். 1973 வரை 495 பந்தயம், அதில் 147 முறை முதல் பத்து இடத்துக்குள். பெரிய கம்பெனி பணம் எதுவும் பின்னால் இல்லை. ஜாக்சன்வில்லில் ஜெயித்த கார்கூட நெட் ஜாரெட் என்ற இன்னொரு டிரைவரிடம் வாங்கிய பழைய கார்தான். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது அவர், பந்தயத்தின் நடுவே காரைச் சரிபார்க்க நிறுத்தும் பிட்டில் உதவுவது பெற்ற பிள்ளைகள். மற்றவர்கள் கழித்துக்கட்டிய பாகங்களை வைத்து ஓடிய கார் அது, அதனால் கடைசிவரை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே தனித் திறமை வேண்டும். 1966-ல் வருடம் முழுவதற்குமான புள்ளிப் பட்டியலில் 6-ஆவது இடம் பிடித்தார், அதுவும் இந்த நிலைமையில்! ஜாக்சன்வில் வெற்றியைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2015-ல் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். கோப்பையைக் குடும்பத்தின் கையில் நாஸ்கார் கொடுத்தது 2021-ல். அவர் 1990-லேயே இறந்துவிட்டார்.

1973 மே மாதம் டல்லடேகா பந்தயத்தில் ஏகப்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதிய விபத்தில் ஸ்காட்டுக்குப் பலத்த காயம், எலும்புகள் முறிந்தன. 51 வயது. இனி ஓட்ட மாட்டார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அதே வருடம் அக்டோபரில் சார்லட்டில் மறுபடி கார் ஏறினார். அதுதான் அவருடைய கடைசிப் பந்தயம். 12-ஆவதாக வந்தார்.