டனலுக்கு அந்தப் பக்கம் சொல்லும் வேகம்

ஒரு வீட்டின் இணைப்பு எத்தனை மெகாபிட்டில் ஓடுகிறது என்பது, அந்த இணைப்பை ஆளும் பெரிய ரவுட்டருக்கே தெரியாமல் இருக்கலாம். மட்டக்களப்பில் செம்புக் கம்பி இணைப்புகளைப் பார்த்த காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

வீட்டிலிருந்து கிளம்பும் பிபிபி செஷன், அதாவது மோடம் இணையத்தில் நுழையத் தொடங்கும் இணைப்பு, எக்ஸ்சேஞ்சில் பல வீட்டுக் கம்பிகளைச் சேர்க்கும் டிஸ்லாம் என்ற கருவி வழியாக எல்ஏசி என்ற ரவுட்டருக்கு வரும். எல்ஏசி அதை எல்டூடிபி டனலில், அதாவது வலையமைப்புக்குள் போடும் ஒரு சுரங்கப் பாதையில் போட்டு, தூரத்தில் எங்கோ இருக்கும் எல்என்எஸ் என்ற அந்தப் பெரிய ரவுட்டரிடம் ஒப்படைக்கும். ஐபி முகவரி கொடுப்பதும் வேகத்தை மட்டுப்படுத்துவதும் எல்என்எஸ்ஸின் வேலை. ஆனால் வீட்டுக் கம்பியை அது பார்ப்பதே இல்லை, எல்ஏசி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். செஷன் அமையும்போது எல்ஏசியிடமிருந்து போகும் ஐசிசிஎன் என்ற செய்தியில், வீட்டை நோக்கி அனுப்பும் வேகம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 1999இல் வந்த எல்டூடிபி தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2661. வீட்டிலிருந்து பெறும் வேகம் கட்டாயமில்லை. அதை அனுப்பாவிட்டால் இரு திசைக்கும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் வேறுபடும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பதால் இரண்டையும் அனுப்ப வைப்பதுதான் சரி.

கல்லடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சொன்னார்: "மனே, படமெல்லாம் நல்லா ஓடுது. மகளோட கதைக்கக்குள்ள மட்டும் குரல் வெட்டி வெட்டி வருது." மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் கீழ்நோக்கிய சிங்க் (மோடமும் டிஸ்லாமும் கம்பியில் ஒத்துக்கொண்ட வேகம்) 6144 கிலோபிட். எல்என்எஸ்ஸில் அதே செஷனுக்குப் பதிவாகியிருந்ததோ 1000000000 பிட். அது எல்ஏசியின் கிகாபிட் போர்ட்டின் வேகம்! வழி அகலம் என்று நம்பி எல்என்எஸ் எதையும் வரிசைப்படுத்தாமல் தள்ளிவிடுகிறது. நெரிசல் டிஸ்லாமில் போய் விழுகிறது. அங்கே குரல், படம் என்ற பேதமில்லாமல் பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன. படத்துக்கு பஃபர் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது, பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

எல்ஏசியில் வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்ற வரிசையை மாற்றினோம். முதலில் ஏஎன்சிபி என்ற தகவல் நெறிமுறை வழியாக டிஸ்லாம் சொல்லும் உண்மையான சிங்க், அது கிடைக்காவிட்டால் செஷன் தொடங்கும் பிபிபிஓஇ செய்தியின் டேக்கில் டிஸ்லாம் செருகும் எண், இரண்டும் இல்லாவிட்டால் நாமே எழுதி வைத்த ஒரு நிலையான வேகம். போர்ட் வேகம் பட்டியலிலேயே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்புறம் அலகு. டிஸ்லாம் கிலோபிட்டில் சொல்லும், எல்டூடிபி பிட்டில் கேட்கும். இடையில் ஆயிரத்தால் பெருக்கப்படுகிறதா என்பதை எண்ணைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். தரவைச் சிறு செல்களாக வெட்டி அனுப்பும் ஏடிஎம் வழியே ஓடும் இணைப்பில் இன்னொன்றும் உண்டு. 53 பைட் செல்லில் 48தான் சரக்கு. ஆகவே 6144இல் உண்மையில் கிடைப்பது சுமார் 5560, அதிலும் மற்றத் தலைப்புகள் கொஞ்சம் தின்னும். எல்என்எஸ்ஸில் வேகத்தை மட்டுப்படுத்தும் ஷேப்பரை அதற்கும் கீழே வைத்த பிறகுதான் டீச்சரின் அழைப்பு தெளிந்தது.

மாரி காலம் தனிச் சோதனை. நவம்பர், டிசம்பர் மழையில் கேபிள் மூட்டுகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மோடம் குறைந்த வேகத்தில் மறுபடி சிங்க் ஆகும். பிபிபி செஷன் அறுபடாமல் தப்பிவிட்டால், ஆரம்பத்தில் சொன்ன பழைய வேகமே எல்என்எஸ்ஸில் கிடக்கும். இதற்காகவே 2009இல் ஆர்எஃப்சி 5515, வேகம் மாறியதை நடுவில் அறிவிக்கும் சிஎஸ்யூஎன் என்ற செய்தியைச் சேர்த்தது. இரு முனையும் அதை ஆதரித்தால்தான் பயன். ஆதரிக்காத இடத்தில், சிங்க் மாறிய செஷன்களை ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் அறுத்து மறுபடி இணைய விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஃபைபர் வந்த தெருக்களில் சிங்க் பிரச்சினை இல்லை. ஆனால் ஜிபான் என்ற அந்த ஃபைபர் முறையின் 2.488 கிகாபிட் பல வீடுகள் பங்கிடுவது. அதை ஒரு வீட்டின் வேகமாக அறிவித்தால் கல்லடியில் கண்ட அதே கோளாறுதான் வரும். அங்கே வாடிக்கையாளரின் பேக்கேஜ் வேகத்தையே, வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.