பினாங்கில் கப்பல் நிற்கும் ஆறு மணி நேரம்: மலையை விடுங்கள், கடைத்தெருவுக்கு நடங்கள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு என்று கிளம்பும் சுற்றுலாக் கப்பல்களில் மலேசியாவின் பினாங்கு தீவுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது கப்பல். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹம் துறையிலிருந்து பழைய நகரம் ஐந்து நிமிட நடை. ஆனால் இறங்கியவர்களில் பாதிப்பேர் குளிர்சாதனப் பேருந்தில் ஏறி, ஊரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே ஒன்பது கிலோமீட்டர் தாண்டிப் போய், பினாங்கு மலையடிவாரத்தில் மலை ரயிலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். திரும்பி வந்ததும் கப்பலின் பஃபேயில் சாப்பாடு. உலகத்திலேயே நல்ல சாப்பாடு கிடைக்கும் ஊர்களில் ஒன்றில் நின்றுகொண்டு கப்பல் பாஸ்தாவைத் தின்பதை என்னவென்று சொல்ல!

முதலில் நேரக் கணக்கு. 'காலை 8 முதல் மாலை 5 வரை' என்று பயணத்திட்டத்தில் போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாக நினைக்காதீர்கள். கப்பல் கட்டப்பட்டு, துறைமுக அனுமதி கிடைத்து, இறங்கும் பாலம் திறக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். குடிநுழைவு வரிசைக்கு இன்னொரு அரைமணி. மாலையில் புறப்படும் நேரத்துக்கு அரைமணி அல்லது ஒரு மணி நேரம் முன்பாகவே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி நேரம் கப்பலில் தரும் அன்றைய தினத்தாளில் அச்சாகியிருக்கும், பாலத்தடியில் பலகையிலும் எழுதி வைத்திருப்பார்கள். அதை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 45 நிமிடத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஆறு மணி நேரம். நீங்கள் திட்டம் போடவேண்டியது அந்த ஆறுக்குத்தான்.

கடிகாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம், இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் இதே பயணத்தில் புக்கெட்டும் இருந்தால், அங்கே ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் மாற்றிக்கொள்ளாமலும் இருக்கலாம். எனவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரம், அதில் கப்பல் நேரம். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போனவருக்குக் காத்திருக்காது.

தாள்கள் விஷயம் சுருக்கமாக. மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசினுடையது அல்ல, மூடிவிடுங்கள். உங்கள் குடியுரிமைக்கும் கப்பலுக்கும் அது தேவையா என்பதைக் கப்பலேறும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். நடுக்கடலில் இணையத்துக்குக் கொடுக்கும் காசில் நான்கு வேளை சாப்பிடலாம். கடவுச்சீட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் அதன் நகலும் கப்பல் அட்டையும் பையில் இருக்கட்டும்.

முனையத்தை விட்டு வெளியே வந்த உடனே டாக்சிக்காரர்களும் பேச்சா எனும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுநர்களும் சூழ்ந்துகொள்வார்கள். படம் பிடித்த அட்டையை நீட்டி, 'மலை, கோயில், கடற்கரை, நான்கு மணி நேரம்' என்று விலை சொல்வார்கள். வாசலில் சொல்லப்படும் விலை கப்பல் பயணிக்கான விலை, ஊர் விலை இல்லை. வண்டி வேண்டுமென்றால் வாடகைக் காரை அழைக்கும் கிராப் செயலியைக் கப்பலேறும் முன்பே போனில் வைத்து, போன் எண்ணையும் சரிபார்த்து வைத்திருங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூவாயிரம் பேர் ஒரே வாசலில் நின்று கிராப் தேடினால் கட்டணம் ஏறத்தான் செய்யும். கடிகாரக் கோபுரத்தைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போய்த் தேடினால் இறங்கும். பேச்சாவில் ஏற ஆசையென்றால் ஏறுங்கள், மணிக்கு 40 ரிங்கிட் அளவில் பேசலாம். ஆனால் ஏறும் முன் கேட்கவேண்டிய கேள்வி 'எவ்வளவு' அல்ல, 'ஆளுக்கா, வண்டிக்கா?' என்பது. பிடுங்கலெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் நடக்கும்.

நடப்பவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது விக்டோரியா ராணியின் நினைவுக் கடிகாரக் கோபுரம். ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக 60 அடி. சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தரின் கொடை. இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்தது, இன்றும் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய இடம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும். ஆறு மணி நேரக்காரர் இதற்கு நுழைவுச்சீட்டு வாங்குவது வீண் என்பேன்.

அங்கிருந்து லெபோ பந்தாய் (மலாயில் லெபோ என்றால் தெரு) வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் லெபோ பாசார். பினாங்குத் தமிழர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகக் 'கடைத்தெரு'. பெயர்ப்பலகையில் எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும் அதுதான் பெயர். பூக்கடை, பாத்திரக்கடை, புடவைக்கடை, பணமாற்றுக் கடை எல்லாம் இங்கே. கப்பலில் காசு மாற்றாமல் இங்கே மாற்றுங்கள், விகிதம் நன்றாக இருக்கும். ஒரு ஆளுக்கு 100 ரிங்கிட் மாற்றினால் இந்த நாளுக்குத் தாராளம். நல்ல வெயிலில் தெருநடுவே நடக்காதீர்கள். கடைகளுக்கு முன்னால் கூரைபோட்ட நடைபாதை இருக்கிறதே, உள்ளூர்த் தமிழில் 'அஞ்சடி', அதிலேயே போங்கள். அங்கங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை மறித்திருப்பார்கள், தரையும் கடைக்குக் கடை படி ஏறி இறங்கும். காலைப் பார்த்து நடக்க வேண்டும்.

லெபோ குயினில் இருக்கும் அருள்மிகு ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1833 இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், காலையில் வரும் கப்பல்காரர்கள் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் கோட்டையிலும் சுவர் ஓவியத்திலும் காலையைக் கழித்துவிட்டுப் பூட்டிய கதவின் முன் நிற்கிறவர்கள் ஏராளம். நண்பகலுக்குமேல் வந்துசேரும் கப்பல் என்றால் வரிசையைத் தலைகீழாக்கிக் கோயிலைக் கடைசியில் வையுங்கள்.

கோயிலிலிருந்து சூலியா தெருவைக் கடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வந்துவிடும். ஆனால் சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 12 மணியைத் தாண்டினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும், 11, 11.15க்குத் தட்டில் கை வைத்துவிட வேண்டும்.

நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பானையுமாகத் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு இது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். இன்றும் பல கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா 1907 இலிருந்து நடக்கிறது, இருப்பதிலேயே பழையது. பள்ளிவாசலிலிருந்து லெபோ பக்கிங்ஹாம் வழியே மேற்கே ஐந்தாறு நிமிட நடைதான். பெயர்பெற்ற கடைதான் வேண்டும் என்றில்லை. எந்தக் கடையில் உள்ளூர்த் தொழிலாளிகள் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள்.

வாங்கும் முறை முக்கியம். உட்கார்ந்து பட்டியலுக்குக் காத்திருந்தால் ஒன்றும் வராது. வரிசையில் நின்று, பாத்திரங்களுக்கு முன்னால் வந்ததும் கை காட்டிச் சொல்ல வேண்டும். முதலில் சோறு, அடுத்து கறியோ மீனோ, அதன்பிறகு வெண்டைக்காய் மாதிரி ஒரு காய், அவித்த முட்டை, கடைசியில் குழம்பு. இந்தக் குழம்பில்தான் விஷயமே இருக்கிறது. 'குவா சம்பூர்' என்று சொல்லுங்கள். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, குருமா என்று நான்கைந்து பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கலந்து ஊற்றுவார்கள். 'பஞ்சிர்' என்றால் மலாயில் வெள்ளம். அப்படிச் சொன்னால் சோறு மிதக்கும் அளவுக்கு வரும். தனித்தனியாக வாங்கி ஓரத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிட்டால் அது வெறும் சோறும் குழம்பும்தான். கலந்தால்தான் மீனின் புளிப்பும் குருமாவின் வழவழப்பும் மிளகின் காரமும் ஒன்றாகி, எந்தப் பாத்திரத்திலும் இல்லாத ஒரு ருசி பிறக்கிறது. அபாரம்! நெல்லையிலும் கிடைக்காது, கோலாலம்பூரிலும் இதே மாதிரி அமையாது.

இரண்டு எச்சரிக்கை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கறியை மட்டும் தவிர்த்தால் போதாது. கலவைக் குழம்பில் அந்தக் குழம்பும் சேரும். 'மாட்டுக் குழம்பு ஊத்தாதீங்க பாய்' என்று குழம்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள், எந்த வருத்தமும் இல்லாமல் விட்டுவிடுவார்கள். அடுத்தது விலை. பெரும்பாலான கடைகளில் ஒவ்வொன்றுக்கும் விலைப்பலகை இருக்காது, தட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். சோறு, கோழி, காய், முட்டை என்றால் 12 முதல் 18 ரிங்கிட்டுக்குள் முடியும். பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை இவற்றைக் கை காட்டினால் அதே தட்டு மூன்று மடங்காகும். ஏமாற்று என்று சண்டை பிடிப்பவர்களில் முக்கால்வாசிப்பேர் இறாலைக் கேட்காமல் வாங்கியவர்கள். தட்டில் விழுவதற்கு முன் 'இது எவ்வளவு பாய்?' என்ற ஒரு கேள்வி போதும். இருவர் சேர்ந்து ஒரு கணவாய் முட்டையைப் பகிர்ந்துகொள்வது நல்ல கணக்கு.

சைவர்களுக்கு நாசி கண்டார் கடை சரிப்படாது, ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் புழங்கும். கடைத்தெருவிலும் லெபோ பினாங்கிலும் வாழையிலைச் சைவச் சாப்பாடு நன்றாகவே கிடைக்கும்.

சாப்பிட்ட சூட்டைத் தணிக்கச் செண்டோல். பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ சந்தில், 1936 இலிருந்து விற்கிறார்கள். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு அவரை, பச்சை நிறத்தில் நெளியும் மாவுத்துண்டுகள். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர்வதுதான் அங்கே வழக்கம்.

இப்போது பள்ளிவாசலுக்கு. தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801 இல் கட்டியது. அவருடைய பதவிப் பெயர்தான் கப்பித்தான் கெலிங். தொழுகை நேரம் தவிர மற்றபோது பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள், உடலை மூடும் அங்கியையும் அங்கேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். இதே சாலையில் வடக்கே போனால் கருணைத் தேவியின் சீனக் கோயிலும், 1818 இல் கட்டிமுடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. சின்னக் கட்டடம், தேடாவிட்டால் கடந்துபோய்விடுவீர்கள். நாகூரைத் தெரிந்தவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்காமல் போகமாட்டார்கள்.

லெபோ ஆர்மேனியனில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் சுவர் ஓவியம் 2012 இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. ஓவியத்தைவிடப் படமெடுக்கும் வரிசை பெரிது. கூட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். அருகே கூ கொங்சிக்கு மட்டும் காசு கொடுத்து உள்ளே போகலாம். முந்தைய கட்டடம் 1901 இல் எரிந்துபோன பிறகு 1906 இல் எழுப்பிய குலக்கோயில். கூரைச் சிற்பங்களைப் பார்க்க அரைமணி வேண்டும், கழுத்தும் வலிக்கும்.

இவ்வளவு சொல்லியும் மலைக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு: கிராப் 15 முதல் 25 ரிங்கிட், அரைமணி நேரம். எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் படகு கிளம்பும் துறையிலிருந்து 204 ஆம் எண் பேருந்து மிக மலிவு, ஆனால் சரியான சில்லறை வேண்டும், நேரமும் இரட்டிப்பாகும். மலை ரயிலுக்கு வெளிநாட்டவர் பெரியவருக்கு 30 ரிங்கிட், போக வர. விரைவு வரிசைக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ரயில் பயணம் சில நிமிடம்தான். நேரத்தைத் தின்பது வரிசை. அதுவும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. இறங்கும் வரிசையைத்தான் எல்லோரும் கணக்கில் விடுகிறார்கள். மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது, காற்று நன்றாக இருக்கும், மேகம் வந்துவிட்டால் ஊர் தெரியாது. காலையில் முதல் ஆளாக இறங்கி நேராக மலைக்குப் போய், பத்தரைக்குள் கீழே வர முடிந்தால் மட்டும் போங்கள். பிற்பகலில் கிளம்பினால் நகருக்குள் திரும்பும் சாலை நெரிசலில் கப்பல் நேரம் கரைந்துவிடும்.

கடைசி ஒரு மணி நேரம் சியூ படகுத்துறைக்கு. கடல்மேல் கட்டை நட்டு எழுப்பிய வீடுகள், நடுவே பலகைப் பாதை. மக்கள் குடியிருக்கும் வீடுகள் இவை, ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். பலகை முடியும் இடத்தில் நின்றால் பட்டர்வொர்த் போகும் படகும், வடக்கே உங்கள் கப்பலும் தெரியும்.

வெல்ட் கீ சாலையோரமாகவே நடந்தால் இருபது நிமிடத்தில் முனையம். மிஞ்சிய ரிங்கிட்டுக்கு ஜாதிக்காய் ஊறுகாயோ தைலமோ வாங்கலாம். முத்திரை பிரிக்காத பொட்டலமாக இருக்கட்டும். சமைத்த உணவைப் பெரும்பாலான கப்பல்களில் பாலத்தடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடும் வாசனை அடிக்கும் துரியான் பழத்தைக் கண்டால் திருப்பி அனுப்புவார்கள். துரியான் பருவத்தில் வந்திருந்தால், அதைத் தெருவிலேயே நின்று தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு ஏறுங்கள்.