ஒரிஜினலைத் தர முடியாது சார்

மன்னார்குடியில் வேலை தேடுகிறவனுக்கு நேர்காணலைவிடப் பெரிய பயம், தேரடியில் யாராவது "என்னப்பா, ஏதாவது ஆச்சா?" என்று கேட்பதுதான். இப்போதெல்லாம் "தேடிக்கிட்டிருக்கேன் மாமா, கிடைச்சதும் நானே சொல்றேன்" என்று அதோடு முடித்துவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருவர் டீகூட வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரிப் படபடப்புக்கு, மெயிலைக் காலையும் சாயங்காலமும் மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். நடுவில் போனைத் தொட்டால் அம்மா முறைப்பார்.

நேற்று தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "பார்த்துட்டுத் திருப்பிக் கொடுங்க சார், ஜெராக்ஸ் தர்றேன். சம்பளத்தையும் ஆர்டர்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. மேலாளர் முகம் சுருங்கி, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

சரி, யோசிக்கட்டும். நாளை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறேன், அடுத்த நேர்காணலுக்கு.