லட்லோ, இங்கிலாந்து, மார்ச் – ஏப்ரல்

மார்ச் 19
அண்ணனுக்குக் காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸ். ஹெரஃபோர்டு ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறுகிறது.

மார்ச் 20, வெள்ளி
சந்தை நாள். கோட்டை வாசலுக்கு எதிரே இருக்கும் சதுக்கம் முழுக்கக் கடைகள். அண்ணனுக்கு ஆப்பிள் வாங்கினேன். சாப்பிட மாட்டார் என்று தெரியும், ஆனாலும் வெறுங்கையோடு எப்படிப் போவது?

மார்ச் 22
பார்வை நேரம் மாலையில்தான். அதுவரை வீட்டில் உட்கார முடியவில்லை, கோட்டைக்குப் போனேன். வேல்ஸ் எல்லையைக் காக்க நார்மன்கள் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியது. கீழே டீம் ஆறு வளைந்து ஓடுகிறது. உள்ளே கூரை இல்லை, மேல்தளமும் இல்லை. ஆனால் ஆள் எட்டாத உயரத்தில், சுவரின் நடுவில், ஒரு கணப்படுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து குளிர் காய்ந்திருப்பார்கள்.

இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் இங்கேதான் இறந்தான். 1502 ஏப்ரல் 2. வயது 15. கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மனைவி காத்தரீனுக்கும் அப்போது உடம்பு சரியில்லை. என்ன நோய் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள், பின்னால் அவன் தம்பி எட்டாம் ஹென்றியை மணந்தாள். ஒரே வீடு, ஒரே குளிர்காலம். ஒருவர் எழுந்தார், ஒருவர் எழவில்லை. ஏன்? திரும்பத் திரும்ப இதிலேயே போய் நிற்கிறேன்.

மார்ச் 25
பிளட் டெஸ்ட் முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 27
பிராட் கேட் வழியாக இறங்கினேன். ஊர் மதிலின் ஏழு வாசல்களில் இடைக்காலத்திலிருந்து நிற்பது இது ஒன்றுதான், தலைக்கு மேல் ஒரு வீட்டையும் சுமந்துகொண்டு. கார்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. அப்புறம் லட்ஃபோர்டு பாலம். 1459 அக்டோபரில், அன்றைய மன்னரின் படையை எதிர்த்து நின்ற யார்க் பிரபு தன் படையை இங்கே விட்டுவிட்டு இரவோடு இரவாக ஓடிப்போனார். விட்டுவிட்டு எப்படி ஓட முடிந்தது?

பாலம் தாண்டினால் சாலை முனையில் ஒரு பாறை முகம். அதற்குள் மெல்லிய அடுக்கு ஒன்று. மீன் செதில், முள், எலும்புத் துணுக்குகள். 42 கோடி ஆண்டு பழையவை, இங்கே கடல் இருந்த காலத்தவை. சுத்தியல் வைக்கக் கூடாது. நானும் தொடவில்லை, குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் போனை எடுத்துப் பார்க்கவே இல்லை.

மார்ச் 29
39 தாண்டிவிட்டது மறுபடியும். செயின்ட் லாரன்ஸ் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆர்தரின் உடல் வூஸ்டருக்குப் போனது, இதயம் இங்கே புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் போகாமலே வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 31
நல்ல மழை. ஆறு கலங்கல்.

ஏப்ரல் 1
37.8! இரண்டு வாய் கஞ்சி குடித்தார். "ரசம் இருக்கா?" என்று அவராகவே கேட்டார்.

ஏப்ரல் 2
அந்தத் தேதி. இன்று கோட்டைப் பக்கம் தலைவைக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் ரசம், துவைத்த சட்டை, சீப்பு. ஹெரஃபோர்டு ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.