வெயிலில் நெடுந்தூர நடைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு

நிதி திரட்டும் நடைகளில் பலரைப் பாதியில் உட்காரவைப்பது கால் கொப்புளம்தான். வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸ் மடிப்பில் உரசி உரசியே கிளம்பிவிடும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேண்டவே வேண்டாம். குதிகால் சுடுகிற மாதிரி தெரிந்ததுமே நின்று, ஈரம் போகத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த நிறுத்தம்வரை தள்ளிப்போடாதீர்கள்!

வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல் வரும். 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, தாகத்துக்கேற்ப இடையிடையே பருகுங்கள். உப்பு அளவு கூடக் கூடாது.

கூட நடப்பவருக்குப் பேச்சு குழறுகிறதா, தள்ளாடுகிறாரா? உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.