32-ஆம் பத்தியின் கடைசி வரி

எருசலேம் யாத்திரைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் இடங்களை எங்கள் குழுவும் பார்த்து முடித்திருந்தது. எட்டாம் நாள் பிற்பகலைக் கடைத்தெருவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஒலிவ மரச் சிலுவைகளை நான் பெத்லகேமிலேயே வாங்கிவிட்டதால், இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்வர, குழுவை அழைத்து வந்திருந்த சபைப் போதகரான ஐயரிடம் அனுமதி கேட்டேன்.

"அங்கே என்ன இருக்கிறது அண்ணாச்சி? பழைய தோல்சுருள்தானே?"

"ஏசாயா இருக்கிறார், ஐயா."

சிரித்துவிட்டு, ஆறு மணிக்குள் ஹோட்டலுக்கு வந்துவிடச் சொன்னார்.

என் பையில் இருந்தது மனைவியின் வேதாகமம். அவள் போய்ப் பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. ஸ்கேன் அறிக்கை வந்த நாளின் தேதியை ஏசாயா 40:1-க்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்." நோய் குணமாகும் என்று வாக்களிக்கும் வசனங்கள் எத்தனையோ இருக்க, அன்று ஏன் இதை எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சவக்கடல் அருகே கிடைத்த பழைய வேதச் சுருள்களை வைத்திருக்கும் மண்டபத்தின் கூரை, அவை கிடைத்த மண்சாடியின் மூடியைப் போன்ற வெள்ளைக் கவிகை. அதன்மேல் ஓயாமல் தண்ணீர் வழிகிறது. எதிரே ஒரு கறுப்புச் சுவர். ஒளியின் பிள்ளைகளும் இருளின் பிள்ளைகளும் மோதும் போரைப் பற்றிய சுருளும் அந்தச் சாடிகளோடு கிடைத்தது. வெள்ளையும் கறுப்பும் அதைத்தான் குறிக்கின்றன. குகைபோன்ற நடை வழியாக உள்ளே போனால், நடுவில் வட்டமான பெரிய பேழையைச் சுற்றி ஏசாயா புத்தகம் விரிந்திருக்கிறது. முழு நீளத்துக்கும் நாம் பார்ப்பது அச்சு அசலான நகல். மூலத்தோல் வெளிச்சம் தாங்காது.

1947-இல் கும்ரான் குகையில் ஆடு மேய்த்த பெதுயீன்கள் என்னும் பாலைவன நாடோடிகள் கண்டெடுத்த சுருள் இது. 17 தோல்களைத் தைத்து, 54 பத்திகளில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் வரிக்கட்டங்களில், 66 அதிகாரங்களையும் எழுதியிருக்கிறார்கள். இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. இயேசுவின் பாடுகளைச் சொல்வதாக நாங்கள் வாசிக்கும் "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்பதைக் கிறிஸ்தவர்கள் பிற்பாடு எழுதிச் சேர்த்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில், தானியேல் புத்தகம் முன்னறிவிக்கும் எழுபது வாரங்களைக் கரும்பலகையில் கூட்டிக் கழித்து, முடிவுக்குத் தேதி குறிக்கப் பார்ப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அந்தக் கணக்கு ஒரு நாளும் என்னைத் தூங்க வைத்ததில்லை.

நாற்பதாம் அதிகாரம் 32-ஆம் பத்தியில் தொடங்குகிறது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். எபிரெயு வலமிருந்து இடம். இரண்டு முறை எண்ணித் தவறவிட்டேன். என் விரலைக் கவனித்துக்கொண்டிருந்த குல்லா அணிந்த யூத முதியவர் ஒருவர் ஆங்கிலத்தில், "எதைத் தேடுகிறீர்கள்?" என்றார். சொன்னேன். பத்தியின் மேலிருந்து கீழே வந்து, கடைசி வரியில் கண்ணாடிக்கு மேல் விரலை நிறுத்தினார். "நஹமூ, நஹமூ அம்மீ."

கடைசி வரி! அதற்கு மேலே இருப்பது 39-ஆம் அதிகாரம். எசேக்கியா ராஜாவிடம், உன் வீட்டில் உள்ளதெல்லாம் ஒன்றும் மீதியாக வைக்கப்படாமல் பாபிலோனுக்குப் போகும் என்று ஏசாயா சொல்கிற இடம். அந்தச் செய்தி முடிந்து, எழுத ஒரே ஒரு வரி மிஞ்சியிருக்கிறது. அந்த வரியில் இந்தச் சொல்.

எபிரெயுவில் ஒரே சொல்தான் இரண்டு முறை வருகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஆற்று, தேற்று என்று இரண்டாக்கினார்கள். எனக்கு இந்த முதல் சொல்தான் பிடிக்கும். பாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது. இரண்டுக்கும் நேரம் பிடிக்கும்.

எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து உபவாசமிருக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ஜெப ஆலயங்களில் இந்தப் பகுதியைத்தான் வாசிப்பார்களாம். முதியவர் சொன்னார். நாங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்தில் வாசிப்போம் என்றேன். "நீங்கள் வரப்போகிறவருக்காகவா?" என்றார். "வந்தவருக்காகவும்" என்றேன். அவர் வாதாடவில்லை; நானும்தான்.

அடுத்த பத்திக்கு நகர்ந்து ஒரு வேடிக்கை காட்டினார். வரிகளுக்கு நடுவில் பொடியான எழுத்துகள், இடமில்லாமல் ஓரத்தில் இறங்கி ஓடுகின்றன. கர்த்தருடைய நாமம் வரவேண்டிய இடத்தில் நான்கு புள்ளிகள் மட்டும். முதலில் எழுதியவர் விட்டுப்போனதை வேறொரு கை சேர்த்திருக்கிறது. எந்த வசனம் தெரியுமா? "புல் உலர்ந்து பூ உதிரும், நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்று முடிகிற பகுதி. இருவரும் அந்த அமைதியான கூடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். காவலர் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்து கறுப்புச் சுவரின் நிழலில் உட்கார்ந்து, பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன். அவள் எழுதிய தேதி லேசாக மங்கத் தொடங்கியிருந்தது. என்னிடம் பென்சில் இல்லை. பேனாவால் எழுத மனம் வரவில்லை. ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடங்கள் இருந்தன. கவிகையின் மேல் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.